இரட்டை உரிமம்: உறுதி இல்லாத காணியை விற்கப் போன கதை

ஹட்டனில் ஒரு கடைக்கு மேலே இருந்த எங்கள் சின்ன வேலையறைக்கு ஒரு நாள் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. டிஜிட்டல் தராசு விற்கும் நிறுவனம் ஒன்று. நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து எழுதி, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில், நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டிருந்த தேயிலைக் கொழுந்து நிறுவை மென்பொருளைத் தங்கள் தராசுக்குள்ளேயே வைத்து விற்கப் பார்க்கிறார்கள். மூலநிரலை வெளியே கொடுக்க மனமில்லை. வணிக உரிமம் தருவீர்களா என்று கேட்டார்கள். யோசிக்காமல் தருகிறோம் என்றேன். அன்று பின்னேரம் எல்லோருக்கும் ரோல்ஸும் பிளேன்டீயும் என் செலவில்.

இரண்டு வாரம் கழித்து அவர்களின் சட்டத்தரணியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த நிரலை எழுதிய எல்லோருடைய பெயரும் வேண்டும், ஒவ்வொருவரும் உங்களுக்கு உரிமை எழுதித் தந்த கடிதமும் வேண்டும் என்றிருந்தது. பெயர்ப் பட்டியல் எடுக்க ஐந்து நிமிடம் போதும். மொத்தம் ஏழு பேர். கடிதம் ஒன்றுகூட இல்லை.

இரட்டை உரிமம் பெரிய சூத்திரமில்லை. ஒரே மென்பொருளை அதன் உரிமையாளர் இரண்டு விதமாகக் கொடுக்கிறார். ஜிபிஎல்லில் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், காசுக்கு விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் இன்னொருவர் கையில் கொடுக்கும்போது மூலநிரலையும் அதே நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். அது ஒத்துவராதவர் காசு கட்டி வேறு உரிமம் வாங்கிக்கொள்கிறார். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இப்படித்தான் வளர்ந்தது. 2000-இல் ஜிபிஎல்லுக்கு வந்தது, தங்கள் மூடிய மென்பொருளுக்குள் அதை வைத்து விற்க நினைத்தவர்களுக்கு வணிக உரிமம் விற்றது, 2008-இல் சன் நிறுவனம் ஏறக்குறைய 100 கோடி டொலர் கொடுத்து அந்த நிறுவனத்தையே வாங்கியது. நோர்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் செயலிகளை உருவாக்க உதவும் கியூட்டை விற்றதும், ஆர்டிஃபெக்ஸ் நிறுவனம் ஆவணங்களை அச்சுக்கு மாற்றும் கோஸ்ட்ஸ்கிரிப்டை விற்பதும் இதே வழியில்தான்.

நான் விழுந்த குழி வேறு இடத்தில் இருந்தது. ஜிபிஎல்லில் ஒருவர் உங்களுக்கு நாற்பது வரி அனுப்பினால், அந்த நாற்பது வரியை ஜிபிஎல்லின்படி பயன்படுத்தும் அனுமதிதான் உங்களுக்குக் கிடைக்கிறது. பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. அதை இன்னோர் உரிமத்தில் விற்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. தோட்டத்து லயக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) நாலு தலைமுறையாக இருந்து, கூரைத் தகரம் மாற்றி, முன்பக்கம் மரக்கறிப் பாத்தியும் போட்ட குடும்பமானாலும், கையில் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இல்லாவிட்டால் விற்க முடியாது. எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இருந்தும் நிரல் என்று வந்ததும் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. லினக்ஸ் கருவை யாராலும் இப்படி வணிக உரிமத்தில் விற்க முடியாததற்கும் இதுதான் காரணம். ஆயிரக்கணக்கானோர் எழுதியது, உரிமையும் அத்தனை பேரிடமும் சிதறிக் கிடக்கிறது.

எங்கள் ஏழு பேரில் நாலு பேர் அதே வாரத்தில் வந்து கையெழுத்து வைத்தார்கள். ஐந்தாவது ஆள் நான். மற்ற இருவரிடந்தான் சிக்கல்.

ஒருவர், அந்த நேரத்தில் வேறொரு மென்பொருள் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்தவர். இலங்கையின் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் பதிப்புரிமை கொடுக்கிறது. ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே போகும். இரவில் வீட்டிலிருந்து எழுதினேன் என்றார் நண்பர். சரி, எந்தக் கணினியில்? கம்பனி கொடுத்த மடிக்கணினியில். அந்தக் கம்பனி என்ன செய்கிறது? அதுவும் நிறுவை, களஞ்சியக் கணக்கு மென்பொருள்தான். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைசியில் தன் மேலாளரிடம் நேராகப் போய், இந்த வேலைக்கும் கம்பனிக்கும் தொடர்பில்லை என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி வந்தார். எல்லா மேலாளரும் அப்படித் தருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். எழுதத் தொடங்கும் முன்பே கேட்டால் கேள்வி சின்னது, விற்கும் நேரத்தில் கேட்டால் பெரியது.

மற்றவர் எழுதியதுதான் மென்பொருளின் உயிர்: சீட்டு அச்சிடும் பகுதி. மலையில் நிறுவை என்றாலே கழிவுச் சண்டைதான். சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பார்கள். ஏன் கழித்தார்கள் என்று கொழுந்து எடுத்த அக்காவுக்குத் தெரியாது. இந்தத் தம்பி எழுதிய நிரல், மொத்த நிறை, கழித்த நிறை, மிச்ச நிறை மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் உள்ளங்கை அகலச் சீட்டில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடும். எழுதி முடித்த கையோடு அவன் கட்டாருக்குப் போய்விட்டான். பழைய இலக்கம் வேலை செய்யவில்லை, மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இரண்டு மாதம் காத்திருந்து, அவன் எழுதியதை ஒருமுறைகூடப் பார்க்காத வேறொருவரை வைத்து அந்தப் பகுதியை அடியிலிருந்து எழுதினோம்.

ஆகவே, இரட்டை உரிமம் பற்றி எண்ணம் இருந்தால், முதல் ஆள் முதல் வரி அனுப்பும் முன்பே பங்களிப்பு ஒப்பந்தம் ஒன்று இருக்க வேண்டும். சில திட்டங்களில், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் பெயர் போடும் வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம்தான், ஆனால் இதற்குக் காணாது. அது அந்தத் திறந்த உரிமத்தில் தருவதற்கான உறுதிமொழி மட்டுமே. வேறு உரிமத்திலும் கொடுக்க அனுமதிக்கிறேன் என்ற வரி தனியாக வேண்டும். உரிமையையே எழுதி வாங்குவது ஒரு வழி. உரிமை அவரிடமே இருக்க, எந்த உரிமத்திலும் வெளியிடும் அனுமதியை மட்டும் எழுதி வாங்குவது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கேட்கவும் கூச்சமில்லை, கொடுப்பவருக்கும் மனம் கோணாது. அப்புறம், அவர் வேலையை நீங்கள் விற்பீர்கள் என்பதை வாய்திறந்து சொல்லிவிடுங்கள். அதை மறைத்து வாங்கிய கையெழுத்து சட்டத்தில் நிற்கலாம், நட்பில் நிற்காது.

நீங்கள் எழுதாமல் உள்ளே வந்திருப்பவற்றையும் பார்க்க வேண்டும். நாங்கள் மாதக் கணக்கைப் பிடிஎஃப் ஆக்க ஐடெக்ஸ்ட் நூலகத்தைப் போட்டிருந்தோம். 2009-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து அது ஏஜிபிஎல், ஜிபிஎல்லைவிட இறுக்கமான உரிமம். வேடிக்கை என்னவென்றால் அதுவும் இரட்டை உரிமத்தில் விற்கப்படுவதுதான். எங்கள் திறந்த பதிப்புக்கு அதனால் தொல்லை இல்லை. ஆனால் மூடிய பதிப்பு விற்க வேண்டுமானால் முதலில் நாங்கள் போய் அவர்களிடம் வணிக உரிமம் வாங்க வேண்டும். கடைசியில், மூடிய மென்பொருளோடும் சேர்த்துப் பயன்படுத்த விடும் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும் ஓப்பன்பிடிஎஃப்புக்கு மாறினோம். எழுத்துருவும் அப்படியே. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் காலத்துப் பழக்கம், யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த எழுத்துருக் கோப்பு கோப்புறையில் கிடந்தது. யார் செய்தது, என்ன நிபந்தனை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத் தூக்கிவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்டோம். அதன் ஓப்பன் ஃபொண்ட் உரிமம், எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் விடாது, மென்பொருளோடு சேர்த்து விற்கத் தடையில்லை.

யாருக்கு விற்கப்போகிறோம் என்பதிலும் நான் முதலில் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். டிக்கோயாப் பக்கம் ஒரு தொழிற்சாலை மேலாளரிடம் வணிக உரிமத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இது சும்மா கிடைக்குதுன்னா நான் ஏன் காசு கட்டணும்?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. தன் தொழிற்சாலைக்குள், தன் கணினிகளில் ஓட்டுபவருக்கு ஜிபிஎல் எந்தச் சுமையும் வைப்பதில்லை. அவர் அதை வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை, ஆகவே மூலநிரலையும் யாருக்கும் காட்டத் தேவையில்லை. நிரலைத் தன் பொருளுக்குள் வைத்து, மூடி, பிறருக்கு விற்பவருக்குத்தான் வணிக உரிமம் தேவைப்படும். எங்கள் கதையில் அது தராசுக் கம்பனி, தோட்டமில்லை. மேலாளருக்கு விற்கக்கூடியது வேறு: கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் பழக்கிக் கொடுப்பது, பழுதானால் அன்றைக்கே வந்து பார்ப்பது. அதற்கு அவர் சந்தோஷமாகக் காசு தந்தார். இந்த வேறுபாடு விளங்காமல், ஜிபிஎல் என்றால் வியாபாரத்துக்கு ஆகாது என்று வாடிக்கையாளரைப் பயமுறுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது பொய்.

உரிமத் தேர்வும் இதோடு சேர்ந்தது. தளர்வான எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டால் மூடிய பொருளுக்குள் வைக்கும் அனுமதியை ஏற்கெனவே எல்லோருக்கும் கொடுத்தாயிற்று, விற்க ஒன்றும் மிஞ்சாது. இணையச் சேவையாக ஓடும் மென்பொருளுக்கு ஜிபிஎல் போட்டால், போட்டியாளர் அதை மாற்றித் தன் வழங்கியில் ஓட்டலாம். பிரதி எதுவும் கைமாறாததால் நிரலைத் தர வேண்டியதில்லை. அங்கேதான் ஏஜிபிஎல் வருகிறது: மாற்றியமைத்து வலையமைப்பு வழியாகப் பிறரைப் பயன்படுத்த விட்டால், அவர்களுக்கு மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். இன்னும் சிலர் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரியைத் தாங்களாகவே சேர்த்துவிட்டுத் திறந்த மூலம் என்கிறார்கள். எந்தத் துறைக்கும் தடை போடக் கூடாது என்பது திறந்த மூல வரையறையிலேயே இருக்கிறது. அந்த வரி வந்தால் அது திறந்த மூலமில்லை.

இடையில் உரிமத்தை இறுக்கிவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருளைப் பாருங்கள். 2024 மார்ச்சில், எம்ஐடி போலவே தளர்வான பிஎஸ்டி உரிமத்தை விட்டது. சில நாட்களுக்குள் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதே பழைய நிரலிலிருந்து பிரிந்த வால்கீ என்ற கிளை வந்துவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் சேர்த்துக்கொண்டது.

ஒப்பந்தப் பேச்சில் இரண்டு இடத்தில் எனக்கு வியர்த்தது. காசு கொடுக்கிறோமே, இனிக் கிட்ஹப்பில் இருந்து எடுத்துவிடுங்கள் என்றார்கள் தராசுக் கம்பனிக்காரர்கள். எடுத்தாலும் ஏற்கெனவே இறக்கியவர்களின் ஜிபிஎல் உரிமையைத் திரும்பப் பறிக்க முடியாது. முடியாததைச் செய்வதாகக் கையெழுத்து வைக்கக் கூடாது என்று விளக்கி அந்த வரியை நீக்க வைத்தோம். மற்றது உத்தரவாதம். ஜிபிஎல்லில் உத்தரவாதம் இல்லை என்று எழுதியே இருக்கிறது. வணிக உரிமத்தில் வாங்குபவர் அதைக் கேட்பார், கேட்பது நியாயமும்தான். எங்கள் மென்பொருளில் தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினால் ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். அதனால் தவறு தெரிந்தால் எத்தனை நாளில் திருத்துவோம், எந்தத் தொகைக்கு மேல் நட்டஈடு எங்களுடையதல்ல என்ற இரண்டையும் எண்ணால் எழுதினோம். நுவரெலியாவில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவர்தான் வாசித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். மென்பொருள் எனக்குத் தெரியாது, ஆனால் யாருடையது என்று கேட்கத் தெரியும் என்றார்.

விற்பனை ஒருவாறு முடிந்தது, முதலில் பேசிய காலத்தைவிட ஐந்து மாதம் தாமதமாக. அதற்கும் மூன்று மாதம் கழித்துக் கட்டாரிலிருந்து புது இலக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் குரல்செய்தி. தம்பிதான். வேலை மாறி, தொலைபேசியும் தொலைந்து, இப்போதுதான் மின்னஞ்சலைத் திறந்திருக்கிறான். பின்னால் வாகனச் சத்தம். "என்ன அண்ணே, கையெழுத்தா? அது அப்பவே உங்களுக்குத் தந்ததுதானே!"