பவளத்தொட்டியில் ஸ்னோஃப்ளேக் அஞ்சாலை: முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு

அஞ்சாலை, பாம்பு போன்ற நீண்ட உடல் கொண்ட கடல்மீன். பவளமும் மீனும் சேர்ந்து வாழும் கடல்நீர்த் தொட்டியில் அது கண்ணாடியருகே தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும்போது, புதிதாகப் பார்ப்பவர்கள் ஓர் அடி பின்வாங்குவார்கள். அது கடிக்க வரவில்லை, மூச்சு விடுகிறது. மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல் அகன்ற செவுள் மூடி அதற்குக் கிடையாது. தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு சிறு துளை மட்டுமே உண்டு. அதனால் வாயால் தண்ணீரை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. செதில் இல்லை, மார்புத் துடுப்பு இல்லை, கண் மங்கல், மோப்பம் கூர்மை. அஞ்சாலைக்காக நாம் செய்யும் ஒவ்வொரு ஏற்பாடும் இந்த உடலமைப்பிலிருந்தே வருகிறது. பார்த்துப் பார்த்து வளர்த்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் நம்மோடு இருக்கும்.

படி 1: எதை வாங்குவது

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஸ்னோஃப்ளேக் ஒன்றைத்தான். அறிவியல் பெயர் எக்கிட்னா நெபுலோசா. வெளிர் உடலில் கறுப்புத் திட்டுகள், அவற்றுக்குள் மஞ்சள் புள்ளிகள், மஞ்சள் நிற மூக்குக் குழாய்கள். கடையில் ஒரு சாண் நீளத்தில் கிடைக்கும். தொட்டியில் சுமார் 60 செ.மீ. வரை வளரும். கடலில் 1 மீட்டரைத் தொடுவதும் உண்டு. இதன் பற்கள் மழுங்கியவை. நண்டு ஓட்டை நொறுக்குவதற்கு ஏற்றவை. ஊசிப்பல் கொண்ட மற்ற அஞ்சாலைகளைப் போல் இது மீன்களைத் துரத்தித் தின்பதில்லை. இதைவிடச் சிறியது 26 செ.மீ. மட்டுமே வளரும் தங்கநிறக் குள்ள அஞ்சாலை. அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் கிடைப்பது அரிது, விலையும் மிக அதிகம்.

ஓர் எச்சரிக்கை. ‘நன்னீர் ஸ்னோஃப்ளேக்’ என்ற பெயரில் விற்கப்படுவது வேறு இனம். கங்கை முகத்துவாரம் போன்ற உவர்நீரில் வாழும் அதை நல்ல தண்ணீரில் விட்டால் சில மாதங்களில் நலிந்துவிடும். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

படி 2: தொட்டியும் தண்ணீரும்

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதில் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். இதற்குக் குறைந்த தொட்டியில் ஸ்னோஃப்ளேக்கை வளர்க்கத் திட்டமிடாதீர்கள். பாறை, மணல் எல்லாம் சேர்ந்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். தாங்கி உறுதியாக இருக்கட்டும்.

வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. சுவைக்காகப் பல கருவிகள் அதில் கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிடுகின்றன. கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானியில் 0 காட்டும் தண்ணீர்தான் பவளத்தொட்டிக்கு வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் கடலுப்புக் கலவை போட்டு, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 வரும்வரை சரிபாருங்கள். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சென்னைக் கோடையில் தண்ணீர் தானாகவே 31 டிகிரிக்கு ஏறிவிடும். மின்விசிறி ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். பவளமும் வேண்டும் என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இறைச்சி தின்னும் உயிர் என்பதால் கழிவும் அதிகம். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரத ஸ்கிம்மரை உங்கள் தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்குக்குக் குறிக்கப்பட்டதாக வாங்குங்கள்.

படி 3: பாறை, பொந்து, மூடி

அவசரப்படக் கூடாத இடம் இது. முதலில் பாறைகளை வெறும் கண்ணாடித் தளத்தின்மேல் அடுக்குங்கள். அதன் பிறகே மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் பாறை வைத்தால் அஞ்சாலை அடியில் நுழைந்து நுழைந்து மணலை விலக்கிவிடும்; ஒருநாள் முழு அடுக்கும் அதன் மேலேயே சரியும். பாறைகளுக்கு நடுவே அதன் உடல் தடிமனைவிடச் சற்றே பெரிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டைச் செருகிவிடுங்கள். இரு முனையும் திறந்திருக்க வேண்டும். உடம்பு நாலாபுறமும் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி.

பாறை வாங்கும்போது சட்டத்தையும் நினைவில் வையுங்கள். இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்தெடுத்த பவளக்கல்லை ‘உயிர்ப்பாறை’ என்று யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள். செயற்கைப் பீங்கான் பாறை போதும். நுண்ணுயிர்கள் அதிலும் குடியேறும்.

இனி மூடி. என் தொட்டியில் வடிகட்டிக் குழாய் வெளியே வருவதற்காக மூடியின் மூலையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் அஞ்சாலை அலமாரிக்கு அடியில் கிடந்தது. உடலெங்கும் தூசியும் தலைமுடியும் ஒட்டியிருந்தன. வழவழப்பு காய்ந்து தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. வாய் மட்டும் மெல்ல அசைந்தது. ஈரத் துணியில் ஏந்தித் தொட்டியில் விட்டேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் பதினெட்டு நாள் எதையும் தொடவில்லை.

ஏறி வெளியே வருவது அதன் இயல்பு. கடலில் நீர் வற்றும் நேரத்தில் பாறைக் கரைக்கு ஏறி நண்டு பிடிக்கும் இனம் இது. தரையில் கிடந்தபடியே இரையை விழுங்க இதனால் முடியும் என்பதை 2021-இல் ஆய்வாளர்கள் விளக்கி எழுதினார்கள். தலை நுழையும் துளையில் உடல் முழுவதும் நுழைந்துவிடும். ஆகவே மூடி நான்கு பக்கமும் கிளிப்பால் இறுக வேண்டும். குழாய் இடுக்குகளை வலையால் அடையுங்கள். தண்ணீர் வழிந்து கீழ்த்தொட்டிக்கு இறங்கும் வாயையும் மறக்காதீர்கள்.

படி 4: காத்திருப்பு

மீனை விடும் முன் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருக வேண்டும். அதற்கு வெறும் தொட்டியில் ஓர் உரிக்காத இறாலைப் போட்டு அழுக விடுங்கள். அம்மோனியா ஏறி, நைட்ரைட்டாக மாறி, பிறகு இரண்டும் 0 ஆக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் மேலும் இரண்டு மாதம் பொறுப்பேன்.

படி 5: வீட்டுக்குக் கொண்டுவருதல்

கடையில் அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வலையில் அள்ளாதீர்கள், மேல்தோலின் வழவழப்பு உரிந்துவிடும். அது ஒளிந்திருக்கும் குழாயோடு சேர்த்துத் தூக்குவதே நல்லது. வீட்டில், மூடிய வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் கலந்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே விடுங்கள். முதல் இரண்டு வாரம் பட்டினி கிடந்தாலும் பதற வேண்டாம். பிற்பாடு ஏதாவது நோய் வந்தால், செம்பு கலந்த மருந்து மட்டும் கூடாது. செதில் இல்லாத உடம்பு அதைத் தாங்காது, பவளமும் மடிந்துவிடும்.

படி 6: உணவு

உரிக்காத பச்சை இறால், கணவாய், மட்டி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே வகை இறாலையே மாதக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் பி1 குறைபாடு வரலாம். குட்டிக்கு வாரம் மூன்று முறை, வளர்ந்ததற்கு இரண்டு முறை. துண்டு அதன் தலையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

பம்புகளை நிறுத்துங்கள். ஒரு முழ நீள இடுக்கியில் துண்டைப் பிடித்துப் பொந்தின் வாயருகே அசைக்காமல் வையுங்கள். முதலில் மூக்குக் குழாய்கள் துடிக்கும். தலை இடமும் வலமும் தேடும். துண்டு கண்ணுக்கு நேரே இருந்தாலும் ஒருமுறை தவறவிடும். பிறகு சட்டென்று கவ்வும். உற்றுப் பார்த்தால், கவ்விய துண்டு தானாக உள்ளே நகர்வதுபோல் தோன்றும். அஞ்சாலையின் தொண்டைக்குள் இரண்டாவதாக ஒரு தாடை இருக்கிறது. அது முன்னால் பாய்ந்து இரையைப் பற்றி இழுக்கிறது. 2007-இல்தான் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் இதைப் படம்பிடித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

படி 7: கூட்டாளிகளும் பவளமும்

இறால், நண்டு எதுவும் கூடாது. இரவில் காணாமல் போகும். டாங் போன்ற பெரிய, சுறுசுறுப்பான மீன்கள் ஒத்துப்போகும். அடியில் தூங்கும் சிறு கோபி மீன்களைத் தவிருங்கள். பவளத்தை அஞ்சாலை தின்னாது, ஆனால் உரசித் தள்ளிவிடும். காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களை, வந்த இடம் தெரிந்து வாங்கி, ஜெல் பசையால் பாறையில் ஒட்டிவிடுங்கள். அது வழக்கமாகப் போய்வரும் பாதையை ஒரு வாரம் கவனித்த பிறகு ஒட்டினால் இரண்டாம் முறை ஒட்ட வேண்டியிருக்காது.

வாரம் 25 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். தொட்டிக்குள் கைவிடும் முன் இறால் வாடை போகக் கையைக் கழுவுங்கள். அதன் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், தெரியும்வரை கையை உள்ளே விடாதீர்கள்.