ஒன்லைன் மோசடியை இனங்காணப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

என் மகன் தரம் 7 படித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் பின்னேரம், வகுப்பு நண்பனின் வாட்ஸ்அப்பிலிருந்து அவனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "மச்சான், எனக்கு வரவேண்டிய 6 இலக்கக் கோட் ஒன்று மாறி உன் நம்பருக்கு வந்திட்டுது. டக்கென்று அனுப்பு." அவன் கையில் இருந்தது என்னுடைய போன். அனுப்பிவிட்டான். அது என் வாட்ஸ்அப் கணக்கை இன்னொரு போனில் திறப்பதற்கான கோட். அந்த நண்பனின் கணக்கு அதற்கு முன்பே களவு போயிருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் என் பெயரில் சொந்தக்காரர் எல்லோருக்கும் அவசரக் கடன் கேட்டு மெசேஜ் போனது. வவுனியாவில் இருக்கும் சித்தி 15,000 ரூபா போட்டுவிட்டார். காசைவிட எனக்கு வலித்தது வேறு. வாட்ஸ்அப் வேலை செய்யாமல் போனதை மகன் உடனேயே கண்டிருக்கிறான். ஏச்சு விழும் என்ற பயத்தில் இரவு வரை வாய் திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் சித்தியின் காசு தப்பியிருக்கும்.

அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நாங்கள் செய்து பார்த்து, பலன் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது சரியாக இருக்கும்.

படி 1: முதலில் வாக்குக் கொடுங்கள்

மோசடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் பிள்ளையை அருகில் இருத்திச் சொல்லுங்கள்: "போனில் என்ன பிழை நடந்தாலும் என்னிடம் வா. ஏசமாட்டேன். போனைப் பறிக்கவும் மாட்டேன்." ஏச்சைவிடப் போன் பறிபோகும் என்ற பயம்தான் பிள்ளைகளின் வாயைக் கட்டுகிறது. மோசடிக்காரரும் "வீட்டில் சொல்லாதே" என்றுதான் தொடங்குகிறார்கள். நாம் ஏசினால் அவர்களின் வேலையைப் பாதி நாமே செய்து கொடுத்த மாதிரி. சின்ன விஷயங்களில் இந்த வாக்கைக் காப்பாற்றினால்தான் பெரிய விஷயத்தில் பிள்ளை நம்பி வரும்.

படி 2: உண்மையான மெசேஜ்களை வைத்துப் பழகுங்கள்

ஒரு வாரத்துக்கு உங்கள் போனுக்கு வரும் சந்தேகமான மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் என்றால் பிள்ளை தவறுதலாக லிங்கைத் தட்டிவிடாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: இதை அனுப்பியது யார்? நம்மிடம் என்ன கேட்கிறார்கள்? ஏன் இவ்வளவு அவசரம்? விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, பிள்ளையே யோசிக்கட்டும்.

தொடங்குவதற்கு நல்ல உதாரணம் தபால் பார்சல் மெசேஜ். "உங்கள் பார்சல் வந்துள்ளது, முகவரி முழுமையாக இல்லை, 12 மணித்தியாலத்துக்குள் சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும். லிங்கைத் தட்டினால் அச்சு அசலாகத் தபால் திணைக்களத் தளம் போலவே ஒரு பக்கம் திறந்து கார்ட் இலக்கத்தைக் கேட்கும். கட்டணம் சின்னதாக இருப்பது காரணத்தோடுதான். சில ரூபாய்தானே என்று நாம் இலக்கத்தைக் கொடுத்துவிட்டால், அவர்களுக்குத் தேவையானது கிடைத்துவிடும். "நாங்கள் ஏதாவது பார்சலுக்கு ஓடர் கொடுத்தோமா?" என்று மகளிடம் கேட்டேன். "இல்லை" என்றாள். பிறகு தானாகவே, "அப்ப எங்கட நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பயிற்சி.

படி 3: இணைய முகவரியைக் கடைசியிலிருந்து வாசிக்கப் பழக்குங்கள்

இதற்கு ஒரு கடித உறை போதும். உறையின் முதல் வரியில் "கொழும்பு 06" என்று பெரிதாக எழுதுங்கள். கடைசி வரியில் "மாத்தறை" என்று எழுதுங்கள். கடிதம் எங்கே போகும்? மாத்தறைக்குத்தான். இணைய முகவரியும் அதே மாதிரி. முன்னால் தபால் திணைக்களத்தின் பெயரோ வங்கியின் பெயரோ எவரும் எழுதலாம். முதல் தனிச் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இலங்கை அரச தளங்களில் பெரும்பாலானவை 'ஜிஓவி டொட் எல்கே' (gov.lk) என்று முடியும். அரசாங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு எதிலாவது முடிந்தால், பெரியவர்களிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

படி 4: நடித்துப் பாருங்கள்

இதைத் தவற விடாதீர்கள். சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளை மறந்துவிடும், நடித்ததை மறக்காது. அப்பா பக்கத்து அறையிலிருந்து வங்கிக்காரர் போலப் போன் எடுக்கட்டும். "அம்மாவின் கார்ட்டை நிறுத்தப் போகிறோம், இப்போது வந்த கோடைச் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தட்டும். பிள்ளை சொல்ல வேண்டியது ஒரே வசனம்: "அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். எந்த வங்கியும் எந்த நண்பனும் உண்மையில் அந்தக் கோடைக் கேட்பதில்லை. கோட் யாருடைய போனுக்கு வருகிறதோ அவர் மட்டும்தான் அதைப் பாவிக்க வேண்டும்.

கொழும்பில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அழைப்பு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும்போது, பாதி விளங்காத பிள்ளை மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுவிடும். அதனால் அந்த வசனத்தைச் சிங்களத்திலும் பழக்கினோம்: "அம்மாகென் அஹலா கியன்னம்." விளங்காவிட்டால் போனை வைப்பது மரியாதைக் குறைவு இல்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

படி 5: வயதுக்கேற்ற தூண்டில்கள்

கேம் விளையாடும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது, இலவச டயமண்ட் (கேமுக்குள் பாவிக்கும் காசு) எங்கேயும் கிடையாது என்பதுதான். கேமுக்கு வெளியே ஒரு பக்கம் கடவுச்சொல்லைக் கேட்டால் கணக்கு போய்விடும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளோடு கொஞ்சம் இருந்து கதைக்க வேண்டும். வீடியோவுக்கு லைக் போட்டால் சம்பளம் என்று டெலிகிராமில் அழைப்பார்கள். முதலில் உண்மையாகவே சில நூறு ரூபாய் தருவார்கள். நம்பிக்கை வந்ததும் "வைப்புப் பணம் போட்டால் இரட்டிப்பாகும்" என்பார்கள். இன்னும் மோசமானது, "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் தா, கொமிஷன் தருகிறோம்" என்பது. வேறு யாரிடமோ களவெடுத்த காசு அந்தக் கணக்கு வழியாகப் போகும். பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

படி 6: நடந்துவிட்டால்

எதையும் அழிக்க வேண்டாம். முதலில் ஸ்கிரீன்ஷாட். கார்ட் விவரம் போயிருந்தால், கார்ட்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் போயிருந்தால் அதே நம்பரில் மறுபடி பதிவு செய்து, புதிதாக வரும் கோடை நீங்களே போடுங்கள். களவெடுத்தவர் வெளியே தள்ளப்படுவார். அவர் இடையில் இரட்டைச் சரிபார்ப்புக்கான பின் (PIN) இலக்கத்தை வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். அதனால் இன்றைக்கே செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் உங்கள் பின் இலக்கத்தை வைத்துவிடுங்கள். சொந்தக்காரருக்கு மெசேஜ் போடாமல் அழைத்தே சொல்லுங்கள். உங்கள் குரலைக் கேட்டால்தான் நம்புவார்கள்.

முறைப்பாட்டுக்கு, இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவின் இலக்கம் 101. பொலிஸ் அவசர இலக்கம் 119. பிள்ளையின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால், காசு கொடுக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுங்கள். தமிழிலும் கதைக்கலாம்.

இந்த மூன்று இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். அம்மம்மாவுக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் மகன்தான் எழுதினான்.