சோலார் பேனலுக்கு முன் அடைக்க வேண்டிய ஓட்டைகள்: சாயப்பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டாலே திருப்பூர்த் தொழில்முனைவோரின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நொய்யலில் கலந்த சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அந்த அணையே பயிருக்குப் பகையாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறும்படி 2006இல் உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு பெரும் பொருட்செலவில் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்ததால், பசுமை என்றாலே செலவு என்ற கணக்கு பலர் மனத்தில் நிலைத்துவிட்டது.

அந்தக் கணக்கு பாதி மட்டுமே சரி. சுத்திகரிப்பு கட்டாயம் என்றான பின், வீணாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இங்கே விலை மிக அதிகம். அதனால் சிக்கனத்தின் பலனும் மற்ற ஊர்களைவிட இங்கே கூடுதல். அந்தப் பலன் கைக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், வீணாவதைக் குறைப்பதற்கு முன்பே புதிதாக எதையாவது வாங்கிவிடுவதுதான். கீழே சொல்லப்படும் தவறுகளில் பலவும் அந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

தண்ணீரை வாங்கும் விலையோடு நிறுத்திக்கொள்வது

ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு என்ன செலவு என்று கேட்டால், லாரிக்கோ குழாய் இணைப்புக்கோ கொடுக்கும் தொகையைத்தான் பெரும்பாலான பட்டறைகளில் சொல்வார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் கடினத்தன்மை நீக்கப்பட்டு, மோட்டாரால் ஏற்றப்பட்டு, பாய்லர் நீராவியால் சூடாக்கப்பட்டு, உப்பையும் சாயத்தையும் சுமந்து வெளியே வந்து, உயிரியல் சுத்திகரிப்பையும், உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டியான ஆர்.ஓ.வையும் கடந்து, ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீர் கடைசியில் ஆவியாக்கும் கலனுக்குப் போகிறது. இத்தனை படிகளிலும் பணம் கரைகிறது. அதிகம் கரைவது கடைசிப் படியில். ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை 30 டிகிரி உயர்த்த 30 கிலோ கலோரி போதும், அதே லிட்டரை ஆவியாக்கச் சுமார் 540 கிலோ கலோரி வேண்டும், அதாவது 18 மடங்கு. பல அடுக்கு ஆவியாக்கிகள் அதே வெப்பத்தை மறுபடி மறுபடி பயன்படுத்தி இந்தச் சுமையைக் குறைக்கின்றன என்றாலும், உப்புநீரின் அளவு கூடக் கூட விறகுச் செலவும் மின்செலவும் கூடத்தான் செய்யும்.

எனவே சேமிப்பைத் தொடங்க வேண்டிய இடம் சாய இயந்திரம். 500 கிலோ துணியை 1க்கு 10 என்ற நீர் விகிதத்தில், அதாவது கிலோவுக்கு 10 லிட்டர் என்று ஓட்டினால், ஒரு குளியலுக்கு (இயந்திரத்தில் ஒருமுறை தண்ணீர் நிரப்பி ஓட்டுவதற்கு) 5,000 லிட்டர் தேவை. 1க்கு 6 என்ற விகிதத்தில் ஓடக்கூடிய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் 3,000 லிட்டர் போதும். வெளுப்பு, சாயம், சோப்பு, அலசல் எல்லாம் சேர்த்து எட்டுக் குளியல் என்று கொண்டால் ஒரே லாட்டில் (ஒன்றாகச் சாயம் போடும் துணித் தொகுதியில்) 16,000 லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 60 கிராம் உப்பு சேர்க்கும் ஷேடாக இருந்தால், சாயக் குளியலில் 300 கிலோ உப்பு செலவாகும் இடத்தில் 180 கிலோவே செலவாகும். அந்த 120 கிலோ உப்பை வாங்கவும் வேண்டாம், பிறகு கழிவிலிருந்து பிரித்தெடுக்கவும் வேண்டாம். பழைய இயந்திரத்தையே வைத்திருப்பவர்களும், இயந்திரத்தின் முழுக் கொள்ளளவுக்குக் குறைவான துணியைப் போட்டுவிட்டு வழக்கமான அளவுக்கே தண்ணீரை நிரப்பும் பழக்கத்தை விட்டால் கணிசமாகச் சேமிக்கலாம்.

இதைவிடப் பெரிய கசிவு ஒன்று உண்டு. அதை யாரும் சுற்றுச்சூழல் கணக்கில் எழுதுவதில்லை. ஷேடு பொருந்தாமல் லாட்டைத் திரும்பச் சாயம் போடுவதுதான் அது. ஆய்வகத்தில் சரியாக வந்த நிறம் பட்டறையில் மாறிப்போவதற்கு, நீரின் கடினத்தன்மை, சாயப் பொடியை எடைபோடுவதில் வந்த பிழை, உப்பும் காரமும் சேர்த்த நேரம் என்று பல காரணங்கள் இருக்கலாம். எந்தக் காரணமானாலும் தண்ணீர், விறகு, உப்பு, மின்சாரம், இயந்திர நேரம் எல்லாம் மறுபடி செலவாகின்றன. ரீ-டையிங்கைத் தரக் கட்டுப்பாட்டின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டுப் புதிய சுத்திகரிப்புக் கருவிக்கு விலை கேட்பது தலைகீழ் வேலை. நூறு லாட்டில் எத்தனை லாட் முதல் முறையிலேயே சரியாக வந்தது என்ற ஒரே ஓர் எண்ணைப் பலகையில் எழுதி வைக்கும் பட்டறை, ஆலோசகருக்குப் பணம் கொடுக்காமலேயே தன் முதல் தணிக்கையைத் தொடங்கிவிடுகிறது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. தண்ணீரை மிச்சப்படுத்துவதாக நினைத்துச் சோப்புக் குளியலையோ அலசலையோ கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், துணியில் ஒட்டாத சாயம் தங்கிவிடும். சாய உறுதிச் சோதனையில் துணி தோற்றுத் திரும்பி வரும். குளியலை வெட்டுவதற்குப் பதில், ஏறக்குறையத் தெளிவாக இருக்கும் கடைசி அலசல் நீரைத் தொட்டியில் பிடித்து, அடுத்து வரும் அடர்நிற லாட்டின் முதல் அலசலுக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

காற்று இலவசம் என்று நினைப்பது

தையல் பிரிவிலும் பிரிண்டிங்கிலும் ஃபினிஷிங்கிலும் அழுத்தக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் கசிந்தால் தரை நனையும், எண்ணெய் கசிந்தால் கறை படியும். காற்று கசிந்தால் இயந்திரச் சத்தத்தில் காதுக்கும் எட்டாது. இந்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் வழிகாட்டிக் கணக்குப்படி, 7 பார் அழுத்தத்தில் சுமார் 3 மி.மீ. அளவுள்ள ஓர் ஓட்டை ஏறக்குறைய 3 கிலோவாட் மின்சாரத்தை விழுங்குகிறது. இரவும் பகலும் காற்று ஏறியிருந்தால் அது நாளொன்றுக்கு 72 யூனிட். ஆண்டுக்கு 300 நாள், யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,72,800 ரூபாய். இதே 72 யூனிட்டைக் கூரையிலிருந்து பெற வேண்டுமானால், ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் நம் ஊர் வெயிலில், 18 கிலோவாட் பேனல்கள் வேண்டும். ஒரு ஹோஸ் கிளிப்பும் ஒரு நைலான் குழாய்த் துண்டும் செய்யும் வேலைக்கு 18 கிலோவாட் பேனல் வாங்குவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி அவசியமில்லை. விடுமுறை நாளில் எந்த இயந்திரமும் ஓடாதபோது கம்ப்ரசரை மட்டும் இயக்கி, அது சுமையில் ஓடும் நேரத்தையும் சுமையின்றி நிற்கும் நேரத்தையும் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொள்ளலாம். 2 நிமிடம் சுமையில் ஓடி 8 நிமிடம் ஓய்ந்தால், கம்ப்ரசர் தரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு யாருக்கும் பயன்படாமல் போகிறது. பிறகு சோப்பு நுரையைத் தூரிகையில் எடுத்து இணைப்புகளில் தடவிப் பார்த்தால் எங்கே குமிழி வருகிறது என்று தெரிந்துவிடும். காற்று போதவில்லை என்று கடைசி வரிசையில் இருப்பவர் சொன்னதும் கம்ப்ரசரின் அழுத்தத்தைக் கூட்டி வைப்பது இதோடு சேர்ந்த இன்னொரு தவறு. அழுத்தத்தை 1 பார் குறைத்தாலே 6 முதல் 10 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகும். கூட்டினால் அதே கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும், கசிவுகளும் பெருகும். துணியிலும் உடையிலும் ஒட்டிய பிசிறை ஊதித் தள்ளுவதற்கு அழுத்தக் காற்றைப் பயன்படுத்துவது பணத்துக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

நீராவிக் குழாயைப் போர்த்தாமல் விறகை மட்டும் பேரம் பேசுவது

விறகு டன்னுக்கு நூறு ரூபாய் குறைந்தால் மகிழ்கிற பட்டறையில், சாய இயந்திரத்தின் வெப்பப் பரிமாற்றியில் நீராவி குளிர்ந்து வெளிவரும் கொதிநீர் சாக்கடைக்கு ஓடுவதைப் பார்க்கலாம். அது துணியைத் தொடாத, உப்பில்லாத, சூடான, பாய்லருக்கு உகந்த நீர். அதைத் திரும்பப் பாய்லர் தொட்டிக்குக் கொண்டுபோனால், தொட்டி நீரின் வெப்பம் ஒவ்வொரு 6 டிகிரி உயரும்போதும் ஏறத்தாழ 1 சதவீத எரிபொருள் மிச்சமாகும். அந்த அளவு புதிய நீரைச் சுத்தப்படுத்தும் செலவும் இல்லை. ஈர விறகை எரிப்பது, நீராவியை விடாமல் நீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் ட்ராப் பழுதானால் மாதக்கணக்கில் விட்டுவைப்பது, வால்வுகளையும் ஃபிளேஞ்சுகளையும் போர்த்தாமல் நேர்க்குழாயை மட்டும் போர்த்துவது ஆகியவையும் இந்த வகைதான்.

சோலாரை முதல் படியாக வைப்பது

சோலார் கெட்ட முதலீடு அல்ல. வரிசையில் அதன் இடம்தான் மாறக்கூடாது. வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பேனல் போட்டால், வீணாவதற்கும் சேர்த்துக் கடன் வாங்கியதாகிவிடும். கசிவை அடைத்து, பழைய விளக்குகளையும் மின்விசிறிகளையும் மாற்றி, ஒரு மாதப் பில்லைப் பார்த்த பின் அளவை முடிவுசெய்வதே முறை. உங்கள் இணைப்பு வகைக்கு மின்வாரியம் வசூலிக்கும் கட்டமைப்புக் கட்டணத்தையும் சேர்த்தே லாபத்தைக் கணக்கிட வேண்டும். விற்பனையாளர் தரும் தாளில் அந்த வரி பல நேரங்களில் இருப்பதில்லை.

பில்லில் வேறொரு பொறி இருக்கிறது. சோலார், ஆலைக்குத் தேவையான கிலோவாட்டில் ஒரு பகுதியைத் தருகிறது. மோட்டார்களின் காந்தப்புலத்துக்கு வேண்டிய எதிர்வினைத் திறன் மட்டும் முன்போலவே மின்வாரியக் கம்பியிலிருந்து வருகிறது. 100 கிலோவாட் சுமை 0.95 பவர் ஃபேக்டரில் (வாங்கும் மொத்தத் திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) ஓடும் ஆலையில் சோலார் 60 கிலோவாட் தந்தால், வாரியத்தின் மீட்டர் பார்க்கும் பவர் ஃபேக்டர் அந்த நேரத்தில் 0.77 அளவுக்கு இறங்கிவிடும். எதிர்வினைத் திறனை ஆலைக்குள்ளேயே தரும் கெப்பாசிட்டர் பேனலை மறுபடி கணக்கிட்டு அமைக்காவிட்டால், யூனிட்டில் மிச்சமானதில் ஒரு பங்கு அபராதமாகப் போய்விடும்.

உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் செய்யும் இன்னொரு தவறு, சிக்கனம் செய்த பிறகும் ஒப்பந்த டிமாண்டை, அதாவது வாரியத்திடம் ஒப்பந்தம் செய்த உச்ச மின்தேவையை, அப்படியே விட்டுவைப்பது. பதிவான உச்ச டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் என்பது விதி. ஒப்பந்தம் 250 கே.வி.ஏ. ஆக இருக்க, பாடுபட்டு உச்சத்தை 180க்குக் கொண்டுவந்தாலும் 225க்குப் பணம் கட்ட வேண்டும். டிமாண்டைக் குறைக்க விண்ணப்பிக்கும் வரை அந்தச் சேமிப்பு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

மோட்டார் வாங்கும்போதும் இதே குறுகிய பார்வைதான். 90 சதவீதத் திறனுள்ள 10 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் சுமார் 50,000 யூனிட் எடுக்கும். யூனிட் 8 ரூபாய் என்றால் சுமார் 4,00,000 ரூபாய். அதன் விலையில் சில ஆயிரம் மிச்சம் பிடித்துத் திறன் குறைந்ததை வாங்குவதும், நான்கைந்து முறை காயில் கட்டியதையே ஓட்டுவதும் ஒவ்வொரு மாதமும் வட்டி கட்டுவதற்குச் சமம்.

கழிவை ஒரே மூட்டையில் கட்டுவது

கட்டிங் வேஸ்ட்டை வெள்ளை, அடர்நிறம், கலப்பு இழை என்று மேசையருகிலேயே பிரித்தால் கழிவுப் பஞ்சை நூலாக்கும் ஓ.இ. மில்களுக்குப் போகிற சரக்கு நல்ல விலை பெறும். எண்ணெய்த் துணியும் பிளாஸ்டிக்கும் கலந்து கட்டினால் கழிவு விலைதான் கிடைக்கும். ஆனால் கழிவை நன்றாக விற்பதைப் பெருமையாகச் சொல்லும் கம்பெனி, வெட்டு வடிவங்களைத் துணியில் அடுக்கும் வரைபடமான மார்க்கரில் எத்தனை சதவீதத் துணி பயன்படுகிறது என்று சொல்லத் திணறுவதும் உண்டு. ஒரு கிலோ துணியை மிச்சப்படுத்தினால், அதன் பருத்தி, நூல், நிட்டிங், சாயம், தண்ணீர் எல்லாம் மிச்சம். அதையே வெட்டுத் துண்டாக விற்றால் அந்தச் செலவில் சிறு பகுதிதான் திரும்பும்.

சான்றிதழுக்காக மட்டும் கணக்கு எழுதுவது

வெளிநாட்டு வாங்குநர் கேட்கிறார் என்பதற்காகத் தணிக்கைக்கு முதல் வாரம் ஆண்டு முழுமைக்கும் மீட்டர் எண்களை நிரப்புவது பரவலான வழக்கம். அந்தப் பதிவேடு வாங்குநருக்கும் பயன்படாது, உரிமையாளருக்கும் பயன்படாது. மொத்தப் பில்லை ஒப்பிடுவதும் போதாது, உற்பத்தி குறைந்த மாதத்தில் பில்லும் குறையும். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை யூனிட், எத்தனை கிலோ விறகு என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்குச் சாயப் பிரிவு, கம்ப்ரசர், பாய்லர் ஆகியவற்றுக்குத் தனித்தனி சப் மீட்டர் வேண்டும். ஒவ்வொரு விற்பனையாளரும் சொல்லும் சேமிப்புச் சதவீதங்களைக் கூட்டிக்கொள்வதும் தவறு. ஒருவர் 20, இன்னொருவர் 15 சொன்னால் 35 கிடைக்காது, ஏனெனில் முதல் மாற்றத்துக்குப் பின் மீதமுள்ள 80இல்தான் அடுத்த 15 சதவீதம். இருவரும் ஒரே கசிவைக் கணக்கில் எடுத்திருந்தால் அதுவும் இராது.

முறையான மின் தணிக்கைக்குச் செலவாகும் என்று தயங்குபவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். சிறு, குறு நிறுவனங்களுக்குத் தணிக்கைக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு, மின் தணிக்கையையும் மின்சிக்கனத்தையும் ஊக்குவிக்கும் பீஸ் (PEACE) திட்டத்தின் வழியாகத் திருப்பித் தருகிறது. அறிக்கை வந்ததும் அதை மேலாளரின் மேசையில் மட்டும் வைக்காமல், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், பாய்லர் ஆபரேட்டர் மூவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டி, செலவில்லாத வேலைகளை அந்த வாரமே அவர்கள் பெயரில் ஒதுக்க வேண்டும். காற்றுக் கசிவுச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்வதும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். அடைத்த கசிவுகள் அதிர்விலும் தேய்மானத்திலும் மறுபடி திறந்துகொள்ளும்.