முன்பதிவு இல்லாத கோயில் பயணம்: போகிற வழியில் ரூம் பிடிப்பது எப்படி

கும்பகோணம், தஞ்சாவூர், சிதம்பரம் என்று காரில் சுற்றுகிறவர்களுக்கு இன்று ராத்திரி எந்த ஊரில் படுக்கை என்பது மதியம் வரை தெரியாது. பரவாயில்லை, அப்படியே கிளம்பலாம். ஆனால் கிளம்பும் முன் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். முகூர்த்த நாள் என்றால் முதல் நாள் சாயங்காலமே கல்யாண வீட்டார் லாட்ஜை மொத்தமாக எடுத்திருப்பார்கள். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணத் தொல்லை இல்லை. பௌர்ணமியன்று திருவண்ணாமலை, சனிக்கிழமை திருநள்ளாறு, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி: இங்கெல்லாம் நம்பிப் போய் இறங்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் திரும்புவதாக இருந்தால் ரூமுக்கு முன்னால் இ-பாஸ் எடுக்க வேண்டும்.

ஊரை மதியம் மூன்று மணிக்குள் முடிவு செய்துவிடுங்கள். பன்னிரண்டு மணிக்குக் காலியான ரூம்கள் அதற்குள் சுத்தமாகியிருக்கும், வெளியூர்க் கூட்டம் இன்னும் வந்திருக்காது. கூகுள் மேப்பில் ‘ஹோட்டல்’ என்று தேடினால் பாதிக்குப் பாதி இட்லிக் கடைதான் வரும். ‘லாட்ஜ்’, ‘ரெசிடென்சி’ என்று தேடுங்கள். சமீபத்தில் எழுதிய விமர்சனங்களையும், வாடிக்கையாளர் போட்ட பாத்ரூம் படங்களையும் பாருங்கள். லாட்ஜ்காரர் போட்ட படங்கள் திறப்புவிழா அன்று எடுத்தவையாக இருக்கலாம். மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு நேராக ரிசப்ஷனுக்கே போன் போடுங்கள்.

“அண்ணே, இன்னைக்கு ஒரு டபுள் ரூம் வேணும், ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை. ஏசி எவ்வளவு, ஏசி இல்லாம எவ்வளவு? ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா? கார் உள்ள நிக்குமா? செக்-அவுட் 24 மணி நேரமா, 12 மணியா?”

கடைசிக் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 24 மணி நேர லாட்ஜில் ராத்திரி ஒன்பதுக்கு நுழைந்தால் மறுநாள் ராத்திரி ஒன்பது வரை ரூம் உங்களுடையது. பகலெல்லாம் சாமான்களை வைத்துவிட்டுக் கோயில் பார்க்கலாம். மதியம் 12 மணிக்கு எல்லோரும் காலி செய்ய வேண்டிய லாட்ஜில் விடியற்காலை ஐந்துக்கு நுழைந்தால், ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும். வரிக்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு 5 சதவீதம். 1,500 என்று சொன்னால் பில் 1,575.

செயலியில் விலை குறைவாகத் தெரிந்தாலும், பணம் கட்டும் முன் லாட்ஜுக்கு ஒரு போன். ‘அங்கே போய்க் கட்டலாம்’ என்று பதிவான ரூமை, கூட்டம் ஏறியதும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது உண்டு. உள்ளூர் ஆதார் உள்ளவர்களுக்கு ரூம் தராத இடங்களும் இருக்கின்றன.

போனதும் அட்வான்ஸ் கொடுக்காமல் ரூமைப் பார்க்கக் கேளுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், ஃப்ளஷை அழுத்துங்கள், போர்வையை விலக்கி விரிப்பைப் பாருங்கள், ஜன்னல் வலை கிழிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா என்பது முக்கியம். வெந்நீர் கீசரா, காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டுமா என்று கேளுங்கள். ஐந்து மணிக்குக் கோயிலுக்குக் கிளம்புகிறவருக்கு இரண்டாவது உதவாது. ஏசி இல்லாத ரூம் கேட்டால் சில இடங்களில் ஏசி ரூமையே ரிமோட் இல்லாமல் தருவார்கள். அடைத்த ஜன்னலோடு வெறும் மின்விசிறியில் வேகும். வேறு ரூம் கேளுங்கள்.

அடையாள அட்டை பெரியவர்கள் எல்லோருக்கும் வேண்டும். முகவரி இல்லாததால் பான் கார்டு செல்லாது; ஓட்டுநர் உரிமம் வசதி.

எல்லாம் நிரம்பியிருந்தால் அதே ஊரில் சுற்றி டீசலைக் கரைக்காதீர்கள். கும்பகோணம் இல்லையென்றால் 40 கிலோமீட்டரில் தஞ்சாவூர். திருவண்ணாமலை இல்லையென்றால் விழுப்புரம். கோயில் ஊரைவிட ஜங்ஷன் ஊரில் ரூம் சுலபம். கன்ஃபர்ம் ஆன ரயில் டிக்கெட் கையில் இருந்தால் ஸ்டேஷன் ஓய்வறையை ஐஆர்சிடிசியில் பார்க்கலாம். இதையும் ராத்திரி எட்டுக்குள் செய்துவிடுங்கள். ஒன்பதரைக்கு மேல் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.