பிளாஸ்மாக் கணக்குக்கு அணுமோதல் தரவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அணுக்கரு இணைவு என்றதும், பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவக் கருவியான டோகாமாக்கின் மையத்தில் நிலவும் பத்துக் கோடி டிகிரி வெப்பம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரான்களை முற்றிலும் இழந்துவிடுவதால், அணு இயற்பியலின் பார்வையில் அது அமைதியான இடம். சிக்கலெல்லாம் ஓரத்தில் இருக்கிறது. சுவரிலிருந்து திரும்பி வரும் டியூட்டீரிய (கன ஹைட்ரஜன்) அணுக்கள், பிரியாத மூலக்கூறுகள், தகடுகளிலிருந்து பெயர்ந்த டங்ஸ்டன் ஆகியவை எலக்ட்ரான்களோடும் அயனிகளோடும் மோதி அயனியாகின்றன, கிளர்ச்சியடைந்து ஒளி உமிழ்கின்றன, மின்னூட்டத்தைப் பரிமாறிக்கொள்கின்றன, மீண்டும் சேர்கின்றன. இவை ஒவ்வொன்றும் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதைச் சொல்லும் எண்களே அணுமோதல் தரவுகள். முதன்முறையாக ஒரு பிளாஸ்மா மாதிரியை எழுதும் ஆய்வு மாணவர், இந்த எண்களை எங்கிருந்து எடுப்பது, எடுத்ததை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொள்வதற்காக இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது.

தரவுத்தளத்தைத் திறப்பதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, உங்களுக்குத் தேவையானது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். எந்தத் தனிமம், எந்த மின்னூட்ட நிலை, அது அடிநிலையில் இருக்கிறதா கிளர்ச்சி நிலையில் இருக்கிறதா, அதில் மோதுவது எது, வெப்பநிலையும் எலக்ட்ரான் அடர்த்தியும் எந்த எல்லைக்குள் மாறுகின்றன, கடைசியில் கணக்கிட வேண்டியது அயனிகளின் பங்கீடா, கதிர்வீச்சு இழப்பா, ஒரு நிறமாலைக் கோட்டின் பிரகாசமா என்பவையெல்லாம் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். “ஹைட்ரஜன் அயனியாக்கத் தரவு வேண்டும்” என்று மட்டும் தேடினால் கிடைக்கும் பத்துக் கோப்புகளும் தம்மளவில் சரியானவையாகவே இருக்கும். உங்கள் கணக்குக்கு அவற்றில் ஒன்றிரண்டுதான் பொருந்தும்.

அடுத்து, உங்களுக்கு வேண்டியது குறுக்குவெட்டுப் பரப்பா, வினைவீதக் கெழுவா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட மோதல் ஆற்றலில் வினை நிகழ்வதற்கான வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்வது குறுக்குவெட்டுப் பரப்பு. அதைச் சார்பு வேகத்தால் பெருக்கி, துகள்களின் வேகப் பரவல் முழுவதற்கும் சராசரி எடுத்தால் கிடைப்பது வினைவீதக் கெழு. எலக்ட்ரான்கள் வெப்பச் சமநிலைக்குரிய மேக்ஸ்வெல் பரவலில் இருக்கும் இடத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் கெழுவையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால், நடுநிலை அணுக்கற்றையைப் பிளாஸ்மாவுக்குள் செலுத்தும்போது கற்றைக்கென்று ஒரு திசையும் வேகமும் இருப்பதால், குறுக்குவெட்டுப் பரப்பிலிருந்து தொடங்கி நீங்களே சராசரி எடுக்க வேண்டும், அல்லது கற்றைக்கென்றே கணக்கிடப்பட்ட தொகுப்பைப் பயன்படுத்த வேண்டும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். எலக்ட்ரான் மோதி ஹைட்ரஜன் அணு அயனியாவதற்குக் குறைந்தது 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதற்கு மேல் குறுக்குவெட்டுப் பரப்பு வேகமாக ஏறி, 50 முதல் 60 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஏறத்தாழ 6.6×10⁻¹⁷ சதுர செ.மீ. என்ற உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லச் சரிகிறது. இதைச் சராசரி எடுத்தால் 10 எலக்ட்ரான் வோல்ட் வெப்பநிலையில் (இத்துறையில் வெப்பநிலையையும் இந்த அலகிலேயே சொல்வார்கள்) கெழு நொடிக்கு ஏறத்தாழ 5×10⁻⁹ கன செ.மீ. என்றும், 100 எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ 3×10⁻⁸ என்றும் வரும். ஒரு கன செ.மீ.க்கு 10¹³ எலக்ட்ரான்கள் இருந்தால் முதல் நிலையில் அணுவின் ஆயுள் 20 மைக்ரோ நொடி. இரண்டாவதில் 3 மைக்ரோ நொடி சொச்சம். 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள டியூட்டீரிய அணு நொடிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. செல்லும். ஆக, குளிர்ந்த ஓரத்தில் அது 34 செ.மீ. வரை போகலாம், சூடான பகுதிக்குள் 6 செ.மீ.கூடத் தாண்டாது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 10 எலக்ட்ரான் வோல்ட் வெப்பநிலையில் எலக்ட்ரானின் சராசரி ஆற்றல் 15 எலக்ட்ரான் வோல்ட்தான்; அது வாசலை, அதாவது அயனியாக்கத்துக்கான குறைந்தபட்ச ஆற்றலை, ஒட்டி நிற்கிறது. ஆகவே கெழுவின் பெரும்பகுதி பரவலின் வால்பகுதியிலிருந்து வருகிறது, உச்சத்தைவிட வாசலை அடுத்த பகுதியில்தான் தரவு துல்லியமாக இருந்தாக வேண்டும். அளவிடுவதற்குக் கடினமான பகுதியும் அதுவே. இரண்டாவதாக, 34 செ.மீ. என்பது அயனியாக்கம் ஒன்றை மட்டும் வைத்துச் சொன்ன எண். ஹைட்ரஜன் அணுவும் அதே இனத்தின் அயனியும் மின்னூட்டத்தைப் பரிமாறிக்கொள்ளும் வினை, இருபுறமும் ஆற்றல் சமமாக இருக்கும் ஒத்ததிர்வு வினையாதலால் மிக விரைவாக நடக்கும். பழைய அணு அயனியாக, சூடான அயனி அணுவாகி வேறு திசையில் பறக்கும். அந்த வினையை விட்டுவிட்ட மாதிரி, நடுநிலை அணுக்கள் எவ்வளவு ஆழம் ஊடுருவுகின்றன என்பதில் தவறான விடையையே தரும்.

தரவு கிடைக்கும் இடங்கள் பல இல்லை. வியன்னாவிலுள்ள பன்னாட்டு அணுசக்தி முகமையின் அணு, மூலக்கூறுத் தரவுப் பிரிவு, இணைவு ஆய்வுக்கென்றே நூல்விவரத் தளத்தையும் எண்தரவுத் தளத்தையும் நடத்திவருகிறது. அலாதீன் என்பது அதன் பழைய எண்தளம், கொலிஷன்டிபி அண்மையது. இங்கிலாந்தின் ஜெட் டோகாமாக்கை ஒட்டி, ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தின் ஹியூ சம்மர்ஸ் முன்னின்று உருவாக்கிய ஏடாஸ், பிளாஸ்மா மாதிரிகளில் நேரடியாகப் பொருத்தக்கூடிய கெழுக்களுக்குப் பெயர்பெற்றது. அதன் ஒரு பகுதி ஓப்பன் ஏடாஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஜப்பானின் தேசிய இணைவு அறிவியல் நிறுவனமும் ஒரு பெரிய தொகுப்பை வைத்திருக்கிறது. ஆற்றல் மட்டங்களுக்கும் அலைநீளங்களுக்கும் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட்டின் அணு நிறமாலைத் தளத்துக்குச் செல்லுங்கள். மோதல் தரவை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏடாஸ் கோப்புகளைப் பயன்படுத்துவோர் முதலில் பெயரைப் படிக்கப் பழக வேண்டும். ஏடிஎஃப்11 என்ற வகையில் எஸ்சிடி என்று தொடங்குவது அயனியாக்கம், ஏசிடி மீள்சேர்க்கை, சிசிடி மின்னூட்டப் பரிமாற்றம், பிஎல்டி கோட்டுக் கதிர்வீச்சுத் திறன். அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் தொகுப்பின் காலத்தைக் காட்டும். 89 என்று முடியும் பழைய கோப்புகள் எல்லாத் தனிமங்களுக்கும் பொதுவான தோராய முறைகளில் எழுந்தவை. 96 என்பவை இலேசான தனிமங்களுக்கு இன்னும் கவனமாகக் கணக்கிட்டவை. இரண்டும் கிடைத்தால் எதை எடுப்பது என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும், தேடலில் முதலில் வந்தது என்பதற்காகவே 89ஐ எடுத்துக்கொண்ட கணக்குகள் உண்டு.

இந்தக் கோப்புகளில் இருப்பவை அடிநிலை அணுவுக்கு மட்டுமான கெழுக்கள் அல்ல. அடர்ந்த பிளாஸ்மாவில் ஓர் அணு ஒரே மோதலில் அயனியாகாமல், முதல் மோதலில் கிளர்ச்சியடைந்து, ஒளியை உமிழ்ந்து இறங்குவதற்குள் இரண்டாவது மோதலில் எலக்ட்ரானை இழக்கலாம். இந்தப் படிப்படியான வழிகள் எல்லாவற்றையும் சேர்த்ததே பயனுறு கெழு. அது வெப்பநிலையை மட்டுமன்றி அடர்த்தியையும் சார்ந்தது. வெளியேறும் பிளாஸ்மாவை வாங்கிக்கொள்ளும் டைவர்ட்டர் பகுதியின் குளிர்ந்து அடர்ந்த பிளாஸ்மாவில் அடிநிலைக் கெழுவை மட்டும் போட்டால், அயனியாக்கத்தைப் பல மடங்கு குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். மாறாக, பயனுறு கெழுவை எடுத்துவிட்டு, உங்கள் மாதிரியிலும் கிளர்ச்சி நிலைகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டால் ஒரே வினை இருமுறை எண்ணப்படும். ஹீலியம், பெரிலியம் போன்றவற்றில் நெடுநேரம் நிலைக்கும் சிற்றுறுதி நிலைகள் இருப்பதால், அவற்றைத் தனி இனமாகக் கருத வேண்டுமா என்பதையும் இந்த இடத்திலேயே முடிவு செய்யுங்கள். ஹீலியத்தின் அடிநிலையை அயனியாக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை. அதன் மும்மைச் சிற்றுறுதி நிலைக்கு 4.8 போதும்.

தரவின் பிறப்பிடத்தை விசாரிப்பதே இதில் அதிகப் பொறுமை கேட்கும் வேலை. ஹைட்ரஜனுக்குப் பெல்ஃபாஸ்ட் குழுவினர் 1987இல் வெளியிட்ட அளவீடும், ஒருங்கும் நெருக்கப் பிணைப்பு என்ற குவாண்டம் முறைக் கணக்கீடும் நன்கு ஒத்துப்போவதால் அங்கே அச்சமில்லை. டங்ஸ்டன் அப்படியன்று. 74 எலக்ட்ரான்கள் கொண்ட அந்தத் தனிமத்தின் இடைப்பட்ட அயனிகளில் 4எஃப் என்ற எலக்ட்ரான் கூடு பாதி திறந்து கிடப்பதால் ஆற்றல் மட்டங்கள் கணக்கற்றுப் பெருகி, வழக்கமான முறைகள் திணறுகின்றன. அயனிகளைச் சுழலவிட்டு ஆராயும் ஹைடல்பர்க் சேமிப்பு வளையத்தில் 20 எலக்ட்ரான்களை இழந்த டங்ஸ்டன் அயனியின் மீள்சேர்க்கையை அளந்து 2011இல் வெளியிட்டபோது, அதுவரை மாதிரிகளில் இருந்த மதிப்பைவிட அது நான்கு மடங்கு வரை கூடுதல் என்று தெரிந்தது. தெற்குப் பிரான்சில் கட்டப்பட்டுவரும் பன்னாட்டு டோகாமாக்கான ஈட்டரின் முதற்சுவரையும் பெரிலியத்துக்குப் பதிலாக டங்ஸ்டனால் அமைப்பது என்ற மாற்றம் 2023இல் அறிவிக்கப்பட்டிருப்பதால், இந்த நிச்சயமின்மையை ஓர் அடிக்குறிப்போடு விட்டுவிட முடியாது. மையப் பிளாஸ்மாவில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் டங்ஸ்டன் இருந்தாலே கதிர்வீச்சு இழப்பு கவலைக்குரியதாகிவிடும்.

அளவீடு என்பதாலேயே ஒரு தரவை நம்பிவிடவும் கூடாது. அயனிக் கற்றையில் சிற்றுறுதி நிலை அயனிகள் கலந்திருந்தால் அளவீடு அடிநிலையைச் சொல்லாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வாசல் ஆற்றலுக்குக் கீழே குறுக்குவெட்டுப் பரப்பு சுழியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அங்கே சுழியல்லாத மதிப்பு ஏதேனும் தெரிந்தால் கற்றை தூய்மையானதன்று. உயர் ஆற்றலிலும் ஒரு சோதனை உண்டு. குறுக்குவெட்டுப் பரப்பை ஆற்றலால் பெருக்கி, ஆற்றலின் மடக்கைக்கு எதிராக வரைந்தால், அயனியாக்கத்துக்கு அந்தக் கோடு நேராக வேண்டும். வளைந்துகொண்டே போகும் தரவைத் தள்ளிவையுங்கள்.

அலகுகளில் வரும் பிழைகளுக்கு வருவோம். கன செ.மீ.க்கும் கன மீட்டருக்கும் இடையிலான பத்து லட்சம் மடங்கு பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். விடை அவ்வளவு அபத்தமாக இருக்கும். ஆபத்தானவை சிறிய பிழைகளே. கோட்பாட்டாளர் சிலர் குறுக்குவெட்டுப் பரப்பை, ஹைட்ரஜன் அணுவின் அளவைக் குறிக்கும் போர் (Bohr) ஆரத்தின் வர்க்கத்திலும், வேறு சிலர் அதை π-ஆல் பெருக்கிய அலகிலும் தருவார்கள். முன்னது 2.80×10⁻¹⁷ சதுர செ.மீ., பின்னது 8.80×10⁻¹⁷. மூன்று மடங்கு மாறிய விடை பார்ப்பதற்கு நியாயமாகவே தோன்றும். கற்றைத் தரவில் ஆற்றல் பெரும்பாலும் ஓர் அணுநிறை அலகுக்கு இவ்வளவு என்று குறிக்கப்பட்டிருக்கும். ஈட்டருக்குத் திட்டமிட்ட 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் டியூட்டீரியக் கற்றைக்கு அட்டவணையில் பார்க்க வேண்டிய இடம் 5 லட்சம். நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலான கற்றைகளில் இதை மறந்தால், மின்னூட்டப் பரிமாற்றக் குறுக்குவெட்டுப் பரப்பு அந்தப் பகுதியில் செங்குத்தாகச் சரிவதால் பல மடங்கு குறைவான மதிப்பே கைக்கு வரும். மூலக்கூறு வினைகளிலோ ஹைட்ரஜனின் தரவை டியூட்டீரியத்துக்கு இப்படி எளிதாக மாற்றிவிட முடியாது. அதிர்வு மட்டங்களே வேறு.

நடுநிலை அணுக்களின் போக்கைக் கணக்கிடும் ஐரீன் போன்ற நிரல்களோடு வரும் தொகுப்புகளில் கெழுவின் மடக்கையை வெப்பநிலை மடக்கையின் எட்டாம் படி வரையிலான பல்லுறுப்புக் கோவையாகக் கொடுத்திருப்பார்கள். அவற்றின் ஒன்பது எண்களையும் கடைசி இலக்கம் வரை அப்படியே எடுக்க வேண்டும். 10,000 எலக்ட்ரான் வோல்ட்டின் இயல் மடக்கை 9.2, அதன் எட்டாம் படி ஏறத்தாழ ஐந்து கோடி. கடைசி எண்ணில் 10⁻⁸ அளவுக்கு நறுக்கிவிட்டாலே கெழு ஒன்றரை மடங்குக்கு மேல் மாறும். கொடுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இந்தக் கோவையை நீட்டுவது அதைவிட மோசம். அட்டவணைகளில் இடைமதிப்பு காணும்போது இரு அச்சுகளிலும் மடக்கையை எடுங்கள். வெப்பநிலை வாசலைவிட மிகக் குறைந்த பகுதியில், கெழுவின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வைத்தால் கோடு ஏறத்தாழ நேராகும். ஏடிஎஃப்11 கோப்புகளில் உள்ள மதிப்புகள் பத்தடி மடக்கைகள் என்பதை நினைவில் வையுங்கள், -8.3 என்று தெரிவது நொடிக்கு 5×10⁻⁹ கன செ.மீ.

எல்லாவற்றையும் பொருத்திய பின், தெரிந்த ஒரு விடையோடு மாதிரியை ஒப்பிடுங்கள். டியூட்டீரியத்தின் 656.1 நானோமீட்டர் கோட்டுக்கு, வழக்கமான ஓரப் பிளாஸ்மாவில், உமிழப்படும் ஓர் ஒளித்துகளுக்கு ஏறத்தாழ 15 அயனியாக்கங்கள் நிகழ்கின்றன என்பது இத்துறையில் பலரும் கைக்கணக்காக வைத்திருக்கும் எண். உங்கள் கெழுக்கள் 150 என்றோ 2 என்றோ சொன்னால் எங்கோ கோப்பு மாறியிருக்கிறது.

அதன் பிறகு, ஒவ்வொரு கெழுவையும் அதன் நிச்சயமின்மை எல்லைக்குள் தற்செயலாக அசைத்து மாதிரியைச் சில நூறு முறை ஓட்டுங்கள். எல்லை தரப்படாத தரவுக்கு இரண்டு தனித்தனி மூலங்களின் வேறுபாட்டையே எல்லையாகக் கொள்ளலாம். விடை அசையாவிட்டால் அந்த வினைக்காக மேலும் மெனக்கெட வேண்டியதில்லை. அசைந்தால், எந்தக் கோப்பு, எந்த ஆண்டுத் தொகுப்பு, எந்த வெப்பநிலை எல்லை, எந்த இடைமதிப்பு முறை என்பவற்றைக் கட்டுரையின் உடலிலேயே எழுதுங்கள். அந்தக் குறிப்பிட்ட வினையைத் திரும்ப அளப்பதா, கணக்கிடுவதா என்று மோதல் ஆய்வாளர் முடிவு செய்வது அந்த வரிகளைப் பார்த்துத்தான்.