பட்டாளத்து பாக்கெட் வாட்ச்: பார்ப்பது, திறப்பது, விலை பேசுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் கூஜாவுக்கும் மரப்பாச்சிக்கும் நடுவே சில சமயம் பாக்கெட் வாட்சும் கிடக்கும். "ரங்கூன்லேர்ந்து வந்ததுண்ணே, வெள்ளைக்காரப் பட்டாளத்து வாட்ச்" என்பார்கள். பர்மாவில் கடை வைத்திருந்த குடும்பங்களின் ஊர் என்பதால் நம்பத்தான் தோன்றும். ஆனால் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய பில்லோ கடிதமோ கூடவே வந்தால் மட்டும் அதற்குத் தனி விலை.

முதலில் கவிழ்த்துப் பின்மூடியைப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசுச் சாமானுக்கு அடையாளம் கோழிக்கால் போன்ற மூன்று கோட்டு அம்பு. இரண்டாம் உலகப்போரில் தரைப்படைக்கு வழங்கியவற்றில் அம்போடு ஜி.எஸ்.டி.பி. (G.S.T.P.) என்ற ஆங்கில எழுத்துகளும் வரிசை எண்ணும் இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அரசே கழித்து விற்றது என்று பொருள்; அது குறையில்லை. எஸ்.ஐ.ஆர். என்றிருந்தால் தென்னிந்திய ரயில்வே. நல்ல வாட்சாகவே இருக்கலாம், பட்டாளத்து வாட்ச் ஆகாது.

போலி அம்பு பத்து மடங்கு லென்ஸில் மாட்டிக்கொள்ளும். மூடியின் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது, அம்பின் விளிம்பு மட்டும் விரலில் உறுத்துகிறது, பள்ளத்தில் அழுக்கே இல்லை என்றால் அண்மையில் வெட்டியது. ஜி.எஸ்.டி.பி. வாட்ச்களின் கூடு பெரும்பாலும் பூச்சுப் போட்ட சாதா உலோகம்தான். "வெள்ளி" என்று எடை போட்டால் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

அடுத்தது மிஷின். திறந்து காட்டாத வாட்சை வாங்காதீர்கள். திருகுமூடி என்றால் மெத்தென்ற ரப்பர் பந்தை மூடிமேல் அழுத்தி இடப்பக்கமாகத் திருப்பினால் வந்துவிடும். அழுத்துமூடிக்கு விளிம்பில் சிறு உதடு இருக்கும்; அங்கே மழுங்கிய கத்தியை வைத்து நெம்ப வேண்டும். பிளேடு வழுக்கினால் நேரே பாலன்ஸ் வீலில், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரம் காக்கும் சக்கரத்தில், போய் இறங்கும். உள்ளே கம்பெனிப் பெயரையும் கல் (அச்சுகள் தேயாமலிருக்கப் பதிக்கும் சிவப்புக் கல்) எண்ணிக்கையையும் பாருங்கள். ஹெல்வெடியா, மோரிஸ், சைமா, ஜேகர் லெகூல்ட்ர் ஆகியவை இந்த வகையில் வருபவை. 15 கல் சாதாரணம். டயலில் ஒரு கம்பெனி, மிஷினில் இன்னொன்று என்றால் ஒட்டு வாட்ச் என்று எண்ணிப் பேசுங்கள்.

டயலுக்கு மறுபெயின்ட் அடிப்பது சகஜம். 6 மணி இடத்துச் சின்ன வினாடி வட்டத்தில் கோடுகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, அடியில் 'சுவிஸ் மேட்' பொடி எழுத்து கூராக இருக்கிறதா என்று பாருங்கள். மறுபெயின்ட் என்றால் நல்ல டயலுக்குத் தரும் விலையில் பாதிக்கு மேல் போகாதீர்கள். கறை படிந்த அசல் டயலே மேல்.

கறுப்பு டயலில் பழுப்பேறிய எண்கள் இருந்தால் ரேடியம் பெயின்டாக இருக்கலாம். ஒளி செத்துப் போனாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். முன்கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டவோ துடைக்கவோ வேண்டாம், ஆபத்து அந்தத் தூளில்தான். படுக்கையறையில் வைக்காதீர்கள்.

ஓட்டம் பார்க்க அவசரம் கூடாது. சாவி கொடுக்கக் கொடுக்க இறுகவே இல்லை என்றால் பெரும்பாலும் மெயின் ஸ்பிரிங் அறுந்தது, சின்ன செலவு. இறுகி நின்றும் ஓடாவிட்டால் "ஓவர் வைண்டிங்", அதாவது சாவி அளவுக்கு மேல் கொடுத்துவிட்டார்கள், என்பார்கள். அப்படி ஒரு நோய் கிடையாது. பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும், இல்லை பாலன்ஸ் அச்சின் முனை உடைந்திருக்கும். டயல் மேலே இருக்கும்போது ஓடி, கவிழ்த்தால் நிற்கிறதா? அச்சு மேல்தான் சந்தேகம். அச்சு கிடைப்பதும் கடினம், கடைந்து போடத் தெரிந்தவர் கிடைப்பதும் கடினம். நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் காந்தம் ஏறியதா என்று பாருங்கள்: பக்கத்தில் திசைகாட்டி வைத்தால் அதன் முள் ஆடும். காந்தம் எடுப்பது இரண்டு நிமிட வேலை.

விலைக்கு, அதே கம்பெனி, அதே முத்திரை வாட்ச் உண்மையில் விற்று முடிந்த தொகையை எடுங்கள். கேட்கும் தொகை கணக்கில் வராது. அதில் சர்வீஸ் செலவைக் கழியுங்கள். பாலிஷ் போட்டு எழுத்து மங்கியிருந்தால் இன்னும் கழியுங்கள்.

முதல் உலகப்போர் வாட்ச் என்றால் நூறாண்டு தாண்டிவிட்டது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டான வரலாற்றுப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. சிங்கப்பூர்ச் சொந்தத்துக்குப் பார்சல் கட்டுவதற்கு முன் தொல்லியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.