மலைக்கு ஸ்டேடியமும் அணியும் கேட்கும்போது எங்கே தவறுகிறோம்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் தேர்தல் நெருங்கினால் ஒரு பேச்சு கிளம்பும்: "பத்தாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினால் போதும், டி.என்.பி.எல். அணி ஒன்று இங்கே வந்துவிடும்." (டி.என்.பி.எல். என்பது தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்.) உடனே எல்லோரும் எத்தனை கோடி ஆகும் என்று கேட்கத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, வருஷத்துக்கு எத்தனை நாள் ஆட்டம் என்பதுதான்.

ஐ.பி.எல். அணி ஒன்றுக்கு லீக் சுற்றில் 14 ஆட்டங்கள். சொந்த மைதானத்தில் 7. டி.என்.பி.எல். அணிக்கு லீக் சுற்றின் மொத்தக் கணக்கே 7தான். அமெரிக்காவில் ஒரே அரங்கத்தைக் கூடைப்பந்து அணியும் ஐஸ் ஹாக்கி அணியும் பகிர்ந்துகொண்டால், ஆளுக்கு நாற்பதுக்கு மேல் என்று லீக் ஆட்டம் மட்டும் எண்பது நாளுக்கு மேல், கச்சேரிகள் தனி. அப்படிப்பட்ட ஊர்களின் வருமானக் கணக்கை எடுத்துவந்து இங்கே திட்ட அறிக்கையில் ஒட்டுவது முதல் தவறு. மீதி முன்னூற்றுச் சொச்சம் நாள் அந்த கேலரியில் யார் உட்காருவார்கள் என்று மாதவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "பல்வேறு நிகழ்ச்சிகள்" என்று பதில் வந்தால் அந்த வரிக்கு நேரே பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம்.

கட்டினால் வந்துவிடுமா?

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி 2007-இல் பெரிய அரங்கம் ஒன்றைத் திறந்தது. எதிர்பார்த்த பெரிய லீக் அணி வரவில்லை. கனடாவின் கியூபெக் நகரம் 2015-இல் ஐஸ் ஹாக்கிக்காகவே அரங்கம் கட்டியும் அந்த விளையாட்டின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் அணி கிடைக்கவில்லை. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1990-இல் திறந்த குவிமாட அரங்கம், பேஸ்பால் அணி ஆட வருவதற்கு 1998 வரை காத்திருந்தது. காலியாக நிற்கும் அரங்கத்தைக் காட்டித் தன் பழைய ஊரோடு பேரம் பேசுவது அணி உரிமையாளருக்கு வசதி. அந்தக் காத்திருப்புக்கு வட்டி கட்டுவது மட்டும் ஊர்.

நம் லீக்கில் நிலைமை இன்னும் வேடிக்கை. 2016-இல் தொடங்கியதிலிருந்து காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. தூத்துக்குடி அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சிக்குப் போய், பிறகு நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. பெயர்ப்பலகை இப்படி மாறிக்கொண்டே இருக்க, ஆட்டங்களோ நத்தம், நெல்லை, சேலம், கோவை, சென்னை என்று சில மைதானங்களையே சுற்றிவந்தன. ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்ட அணி அந்த ஊரில்தான் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே "நீலகிரி" என்ற பெயரில் அணி அமைப்பது ஒரு பேரம். நீலகிரியில் ஆட வைப்பது வேறொரு பேரம். இரண்டையும் ஒரே காகிதத்தில் கலந்து எழுதக்கூடாது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

புரிந்துணர்வு ஒப்பந்தம் யாரையும் கட்டிப்போடாது. குத்தகைப் பத்திரத்தில் "அணி இடம் மாறினால் இவ்வளவு இழப்பீடு" என்று மட்டும் இருந்தால், அந்தத் தொகை அணியின் வெளியேறும் கட்டணம், அவ்வளவுதான். அமெரிக்காவின் சியாட்டிலில் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணியின் குத்தகை 2010 வரை இருந்தது. 2008-லேயே 4.5 கோடி டாலர் கொடுத்து ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டார்கள். அணியின் பெயரும் நிறமும் ஊரிலேயே தங்கிவிட்டன என்பது ஒன்றுதான் ஆறுதல். இழப்பீட்டோடு, குத்தகை முடியும்வரை இன்ன இன்ன ஆட்டங்களை இங்கேதான் ஆட வேண்டும், மீறினால் நீதிமன்றத் தடை பெறலாம் என்ற பிரிவும் வேண்டும்.

அதைவிட ஆபத்தானது தரப் பிரிவு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, தன் அரங்கத்தை லீக்கின் முதல் 25 சதவீத அரங்கங்களுக்குள் வைத்திருப்பதாக 1995-இல் எழுதிக் கொடுத்தது. புது அரங்கங்கள் வர வர இந்தப் பட்டியலில் எந்த அரங்கமும் கீழே தள்ளப்படும் என்பதை யோசிக்கவில்லை. சீரமைக்கச் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்ற நிலை வந்தது, நகரம் மறுத்தது, ராம்ஸ் அணி 2016-இல் லாஸ் ஏஞ்சலீஸ் போய்விட்டது. கடன் தவணை ஊரோடு தங்கியது. "சர்வதேசத் தரத்தில் பராமரிக்கப்படும்" என்ற வரி நம் பத்திரங்களிலும் அலங்காரமாக வந்து உட்காரும். அதை அடித்துவிட்டு, எத்தனை லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கு வெளிச்சம், எத்தனை கழிப்பறை என்று எண்ணாக எழுதுங்கள்.

சரிவு

மலையில் இயற்கையாகச் சமதளம் கிடைத்தால் அது பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள சதுப்பு. ஓடைக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் கசிகிறது. அதை மேவினால் கீழே உள்ள ஹட்டிகளின் (படுகர் கிராமங்களின்) ஊற்று வற்றும், மேலே வெள்ளம் தேங்கும். ஊட்டி ஏரியின் ஒரு பகுதி பஸ் ஸ்டாண்டும் ரேஸ்கோர்ஸும் ஆனதன் பலனைப் பெருமழையில் பார்க்கலாம்.

சதுப்பை விட்டால் சரிவுதான். கணக்கு எளிது: கிரிக்கெட் புல்தரைக்கு 150 மீட்டர் விட்டம் வேண்டும். ஐந்துக்கு ஒன்று சரிவில் 150 மீட்டர் போனால் 30 மீட்டர் இறக்கம். மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் கொட்டினாலும் ஒரு முனையில் 15 மீட்டர் வெட்டுச்சுவர், மறுமுனையில் 15 மீட்டர் மண்மேடு. வெட்டும் மண் ஏறத்தாழ 56,000 கனமீட்டர். இதற்குப் பொக்லைன் ஓட்டவே தனி அனுமதி வேண்டும் என்பதை மறந்துதான் பல மதிப்பீடுகள் எழுதப்படுகின்றன.

கொட்டிய மண்ணை 20–30 செ.மீ. அடுக்குகளாக உருளை விட்டு இறுக்காவிட்டால் பிட்ச் நடுவிலேயே கோடு விழும். வெட்டிய பாதி அசையாது, கொட்டிய பாதி இறங்கும். வெட்டத் தொடங்கும் முன்பே மேல்பக்கம் மழைநீரைத் திருப்பும் வாய்க்கால் எடுக்க வேண்டும். மண் வேலை முடிந்தபின் பார்க்கலாம் என்று விடுவது வழக்கமான தப்பு. தடுப்புச்சுவரின் பின்னால் ஜல்லி நிரப்பி, சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 மி.மீ. கசிவுத் துளைகள் விட வேண்டும். சுவர் விழுவது மண்ணின் பாரத்தால் மட்டுமல்ல, பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தால். மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் இந்தப் புல்தரையில் மட்டும் சுமார் ஒன்பது லட்சம் லிட்டர் இறங்கும். அது யாருடைய தேயிலைத் தோட்டத்துக்குள் போகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

உயரமும் தடை. நீலகிரியில் கட்டட உயர வரம்பு 7 மீட்டர். வரிசைக்கு 40 செ.மீ. ஏற்றம் என்றால் கூரையே இல்லாமல் 17 வரிசை. தூண் மேல் கேலரி வரைந்து விதிவிலக்குக் கேட்டு அலைவதைவிட, 80 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்று சரிவிலேயே படி வெட்டுவது புத்திசாலித்தனம். ஹாக்கா என்று சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்துக்குப் போக வேண்டிய கிராமமா, பக்கத்தில் காப்புக்காடோ யானை வழித்தடமோ இருக்கிறதா என்பதை இடத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கூடலூர்ப் பக்கம் என்றால் நிலம் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வருகிறதா என்பதையும்.

கூட்டம் எப்படி ஏறும், எப்படி இறங்கும்?

பத்தாயிரம் பேர், காருக்கு இரண்டரைப் பேர் என்றால் 4,000 கார்கள். காருக்கு 25 சதுர மீட்டர் வீதம் 25 ஏக்கர். ஊட்டி ரேஸ்கோர்ஸில் கிட்டத்தட்டப் பாதி. உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல்–ஜூன் சீசனுக்கு இ-பாஸ் வரம்பாக நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்றது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அப்படியொரு வரம்பு இருக்கும் சனிக்கிழமை ஆட்டம் வைத்தால், வெளியூர் ரசிகர்களே ஒதுக்கீட்டில் பெரும்பங்கைத் தின்றுவிடுவார்கள். பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 200 பஸ் போதும். ஆனால் ஆட்டம் முடிந்து இரவு பதினொரு மணிக்கு அவை கொண்டை ஊசி வளைவுகளில் வரிசையாக இறங்க வேண்டும். படிகளிலும் கஞ்சத்தனம் ஆகாது: மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 66 பேர், எட்டு நிமிஷத்தில் கேலரி காலி என்றால் படிவழிகளின் மொத்த அகலம் 19 மீட்டர் வேண்டும்.

மழையும் புல்லும்

டி.என்.பி.எல். பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்குள் நடக்கிறது. நீலகிரியில் அதுதான் தென்மேற்குப் பருவமழை. கூடவே ஃப்ளட்லைட்டை வெள்ளைத் திரையாக்கும் மூடுபனி. பழனி மலையில் பெரிய மழை ஐப்பசியில் என்பதால் கொடைக்கானலுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சாதகம். டிசம்பர் முதல் உறைபனி; புல் கருகும். குளிரில் புல் அடர்ந்து வளராததால்தான் 2023 மார்ச்சில் இமயமலை ஊரான தர்மசாலாவில் நடக்கவிருந்த இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் இந்தூருக்கு மாற்றப்பட்டது. மலை மைதானத்தில் புதுப் புல் நட உறைபனி விலகிய பின்னான மாதங்களே ஏற்றவை. காண்டிராக்டரோ மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும் என்று ஜனவரியில் புல்லைக் கொண்டுவந்து இறக்குவார்.